உட்காரும் நேரம்

பெரியாஸ்பத்திரி வராந்தாவில் மகளைப் படுக்கவைத்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் அன்புக்கரசி. கல்லாக இறுகிக் கிடந்த மலத்தை எனிமா கொடுத்துக் கரைத்து எடுத்தபின்தான் யுவஸ்ரீயின் வயிற்று மேடு தணிந்திருந்தது.

"பேதின்னுதானுங்க நெனச்சேன். பாவாடையெல்லாம் நனஞ்சு போயிருமுங்க. கட்டட்டும்னு மாதுளந்தோல வேகவெச்சுக் குடுத்துட்டே இருந்தேனுங்க."

டாக்டர் வரதராஜுலு திட்டவில்லை. இடது கையை முஷ்டியாக மூடி, அதன் ஓரமாக வலது விரலை நகர்த்திக் காட்டினார். "வாய்க்கால்ல கல்லு அடச்சுக்கிட்டா தண்ணி ஓரமாக் கசியுமில்ல? அதத்தான் பேதின்னு பாத்திருக்கீங்க. நீங்க கட்டக் கட்டக் கல்லு பெருசாச்சு. குடலு பழைய ரப்பராட்டம் தொளதொளன்னு ஆயிருச்சு. நெறஞ்சாலும் புள்ளைக்குத் தெரியாது. வேணும்னு செய்யலீங்கம்மா அது."

அன்புக்கரசி தலைகுனிந்தாள். பாவாடை நனைந்ததற்காக மகளை அடித்திருக்கிறாள்.

"ஏன் கண்ணு அடக்குன?" என்றார் டாக்டர்.

"இஸ்கூல்ல கக்கூஸப் பூட்டி வெச்சிருக்காங்க சார். ஊட்டுல கதவத் தட்டுவாங்க."

டாக்டர் தாயைப் பார்த்தார். "சிரப்பு எளக்கிவிடும். குடலு பழையபடி சுருங்க மாசக்கணக்காகும். காலைல சாப்பிட்டதும் அது தானா அசையும்; அப்பப் பாத்து உக்கார வைங்க. அவசரப்படுத்தினா பயந்து இறுக்கிக்கும். மறுபடி அடச்சுதுன்னா இன்னும் மோசமாயிரும்."

"உக்கார வெக்கறேனுங்க."

சிங்காநல்லூரில் அவர்கள் குடியிருந்த லைன் வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே கக்கூஸ். வீடு திரும்பிய மறுநாள், விடியுமுன்பே மகளை எழுப்பி இட்லி கொடுத்தாள். அதற்குள் லைனே எழுந்து வரிசையில் நின்றது. இவர்கள் முறை வரும்போது நன்றாக வெளுத்துவிட்டது. யுவஸ்ரீ வாளியோடு உள்ளே போய்த் தகரக் கதவைச் சாத்தினாள்.

அன்புக்கரசி மில்லில், ஆள் வராத இடத்துக்கு அன்றன்று எடுக்கும் பதிலி வேலைக்காரி. இரண்டாம் சங்கு ஊதுவதற்குள் கேட்டில் நிற்காவிட்டால் மேஸ்திரி வேறொருத்தியை உள்ளே விட்டுவிடுவார். பின்னால் நின்ற பங்காரம்மாவும் பதிலிதான்.

"ஏன் அம்மணி, உம்பட புள்ள உள்ளயே குடி போயிருச்சா?"

வரிசை சிரித்தது.

"டாக்டரு சொல்லியிருக்காருங்க்கா. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"நான் பொறுத்துக்குவேன், மேஸ்திரி பொறுப்பானா? உனக்கும் இன்னைக்கு வேலை வேண்டாமாக்கு?"

முதல் சங்கு ஊதியது. சந்து முனையில் பெண்கள் சோற்றுத் தூக்குப்போசியோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். அன்புக்கரசி கதவருகே குனிந்தாள்.

"கண்ணு..."

"அம்மா, வர்றாப்பல தெரியுதுங்மா!" உள்ளிருந்து வந்த குரலில் ஆச்சரியம் இருந்தது. "நெசமாலுமே தெரியுதுங்மா."

அன்புக்கரசி சந்து முனையைப் பார்த்தாள். பிறகு கதவைத் தட்டினாள். இன்னொரு முறை, பலமாக.

"சாயங்காலம் போய்க்கலாம். எந்திரி கண்ணு."

தாழ்ப்பாள் விலகியது. பாவாடை நாடாவை இறுக்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் யுவஸ்ரீ வெளியே வந்தாள்.

பங்காரம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். "வாளித் தண்ணி அப்படியே ரொம்பி இருக்குதே, நல்லதாப் போச்சு" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.