பக்கத்து வீட்டுச் சாவி

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாத்திரம் கழுவியபடியே லோகேஸ்வரி ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தாள். அவர் சாவியைத் தொலைத்துவிட்டார், உன்னிடம் இருப்பதைக் கொடு. பக்கத்து வீட்டு நூர்ஜஹானிடம் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். பதினோரு வருடமாக இந்த வீட்டின் மாற்றுச் சாவி அவளிடம் இருக்கிறது. லோகேஸ்வரியும் கணவரும் பிரிக்ஃபீல்ட்ஸில் மகள் வீட்டில் தங்கும் நாட்களில், கிள்ளானில் இந்த வீட்டைத் திறந்து மீனுக்குத் தீனி போட்டு, வாசல் விளக்கை ஏற்றுவது அவள்தான். சாமி அறைப் பக்கம் மட்டும் போகமாட்டாள். போகாதே என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

போன வாரம் எங்கோ நாலு பேரைப் பிடித்ததாகக் கைப்பேசியில் செய்தி வந்தது. மதத்தின் பேரால் குண்டு வைக்கத் திட்டம் போட்டவர்களாம். அன்றோடு அவள் கணவர் கமலநாதனுக்குத் தூக்கம் போயிற்று. நூர்ஜஹானின் மருமகன் ராமநாதபுரத்திலிருந்து வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. தாடி வைத்திருக்கிறான், யாரோடும் பேசுவதில்லை, வியாழக்கிழமைதோறும் ஆட்கள் வருகிறார்கள். இந்த வாரம் திரைச்சீலை இடுக்கு வழியாக லோகேஸ்வரியே எண்ணினாள். வாசலில் ஏழு ஜோடிச் செருப்பு. இத்தனை பேருக்கு உள்ளே என்ன வேலை?

"எல்லாரும் அப்படின்னு நான் சொல்லல லா. யாரு அப்படி, யாரு இல்லன்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றார் கமலநாதன்.

அவளுக்கும் தெரியவில்லை. பழகிய நூர்ஜஹான் ஒருத்தி, கைப்பேசியில் வந்தவர்களோ பல பேர். இந்தக் கணக்கு தப்பு என்று மனசில் பட்டது. பட்டும் கிளம்பினாள்.

கேட்டைத் திறந்த நூர்ஜஹானின் முகம் வாடியிருந்தது. லோகேஸ்வரி வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள். மருமகனோடு இரண்டு நாளாகச் சண்டையாம். அந்தச் சாவியை உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்கிறானாம். அங்கே ஒரு பொருள் காணாமல் போனாலும் முதலில் நம்மைத்தான் கேட்பார்கள், அவர்கள் எல்லாருமே அப்படித்தான் என்கிறானாம்.

"மத்தவங்க எப்படியோ, எங்க லோகாக்கா அப்படி இல்லன்னு சொல்லிட்டேன்" என்றாள். "அது கெடக்குது. நீங்க என்னக்கா, காலையிலயே?"

சும்மா வந்தேன் என்று சொல்லித் திரும்பியிருக்கலாம். ஆனால் பின்னால் ஜன்னலில் கமலநாதன் நிற்பார் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் செருப்புகளும் கண்ணை விட்டுப் போகவில்லை.

"அவரு சாவியத் தொலைச்சிட்டாரு, நூரு. உன்கிட்ட இருக்கறது..."

நூர்ஜஹான் உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். லோகேஸ்வரியை வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையைக் குனிந்தபடி தன் வீட்டு கேட்டுக்குள் நுழைந்தாள்.

பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து மருமகனின் குரல் கேட்டது.

"யாரு மாமி வந்தது?"

"லோகாக்கா. கறிவேப்பிலை கேட்டு வந்தாங்க."

கொஞ்ச நேரத்தில் நூர்ஜஹான் வெளியே வந்தாள். தொட்டிச் செடியில் இரண்டு கொத்து ஒடித்து, முகத்தைப் பார்க்காமல் கம்பி வேலிக்கு மேலே நீட்டினாள். அதை வாங்க, லோகேஸ்வரி சாவியை இடது கைக்கு மாற்ற வேண்டியிருந்தது.