கொள்ளிமுனை

புருஷன் கொர்லய்யாவைச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக முகாமுக்குக் கூட்டி வந்தாள் அப்பலம்மா. "வாய்ப்புற்றுநோய் பரிசோதனை. நாற்பது வயது தாண்டிய ஆண்கள் அவசியம் வரவும்" என்று பள்ளிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஸ்ரீகாகுளம் கடற்கரையை அறியாத யாரோ எழுதியது. இங்கே வயதான பெண்கள்தான் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துக் குடிப்பவர்கள். அப்படிக் குடித்தால் காற்றில் அணையாது, விற்கச் சுமந்துபோகும் கூடை மீன்மேல் சாம்பலும் விழாது.

"நல்லாத் தொறய்யா! சோறு திங்குறப்ப மட்டும் வண்டி நுழையுற அளவுக்குத் தொறக்குதே!"

ஹைதராபாத்திலிருந்து புதிதாக வந்திருந்த டாக்டர் வைதேகி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஐயாவுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். அப்பலம்மாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"அம்மா, உங்க மூக்குல புகை வருதே?"

அப்பலம்மா சுருட்டை வெளியே எடுத்துக் காட்டினாள். நெருப்பைப் பார்த்த டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டாள். "ஐயோ, உட்காருங்க! வாயைத் திறங்க!"

மேலண்ணத்தில் வெள்ளைத் திட்டு, நடுவே சிவப்புப் புள்ளிகள். துளி சதை எடுத்து விசாகப்பட்டினத்துக்கு அனுப்பினாள். முடிவு வர பத்து நாள் ஆகும்.

அந்தப் பத்து நாளும் அப்பலம்மா பயந்து செத்தாள். வெளியே மட்டும், "எமன் வந்தாலும் ரெண்டு கெளுத்தி மீனு பேரம் பேசித்தான் அனுப்புவேன்" என்று சவடால் விட்டாள்.

பதினோராம் நாள் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தாள். "புத்து இல்லம்மா. ஆனா இப்படியே குடிச்சா வந்துடும். இன்னையோட விட்டா, திட்டும் ஆறிடும். அடுத்த முகாம்ல பொம்பளைங்க வரிசைதான் முதல்ல."

"அப்பாடா!" என்ற அப்பலம்மாவின் கை, சந்தோஷத்தில் தானாக இடுப்புச் சொருகலுக்குப் போனது. சுருட்டை எடுத்தேவிட்டாள்.

கொர்லய்யா அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. முப்பத்தெட்டு வருஷத்தில் பெண்டாட்டியை ஒரு சொல் அதட்டாத மனுஷர் அவர்.

"போடுடி கீழ!"

அப்பலம்மா திகைத்துப்போய்ப் பார்த்தாள். அவர் கண் கலங்கியிருந்தது.

"சரிய்யா, போட்டுட்டேன்," என்றாள். "கையை விடுய்யா, எல்லாரும் பாக்குறாங்க."

அவர் விடவில்லை.