மாதாவின் குழாய்

எங்கள் ஆலையில் குழாய் தைக்க ஊசியும் வேண்டாம், நூலும் வேண்டாம். தட்டையான இரும்புப் பட்டை உருளைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வந்து வட்டமாகும். அதன் இரண்டு விளிம்பும் சேரப்போகும் இடத்தில் ஒரு செப்புச் சுருள் நிற்கும். அது குழாயைத் தொடாது. மின்சாரம் பாய்ந்ததும் விளிம்பு இரண்டும் வெள்ளையாகக் காயும், பக்கத்து உருளைகள் நெருக்கும், ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டுக்கு நாங்கள் வைத்த பெயர் தையல். பதினோரு வருஷமாக அந்தத் தையல் பிரியுமா பிரியாதா என்று பார்ப்பதுதான் என் வேலை. குழாயின் வாலில் வளையமாக ஒரு துண்டு வெட்டி எனக்கு அனுப்புவார்கள். அழுத்துப்பொறியில் வைத்து நசுக்குவேன். தாங்கினால் குழாய் முழுக்க மீட்டருக்கு ஒன்றாக என் முத்திரை, ஏழாம் நம்பர். பிரிந்தால் சிவப்புச் சாயம், குப்பை.

அந்த ஏழாம் நம்பரில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. பெரிய எஞ்சினியர் வந்து நின்றாலும் நான் நசுக்கிப் பார்க்காத குழாய்க்கு முத்திரை விழாது. வருஷத்தில் ஒரே ஒரு குழாயைத் தவிர.

டிசம்பர் பன்னிரண்டு, எங்கள் நாட்டின் பாதுகாவலி குவாதலூப்பே மாதாவின் திருநாள். அன்று காலை ஆலையிலேயே பூசை நடக்கும். பூசை முடிந்து பொறியை ஓட்டியதும் வரும் முதல் குழாய் மாதாவுக்கு. பச்சை, வெள்ளை, சிவப்பு நாடா கட்டி, நான் ஏழு போட்டு முத்தம் கொடுத்து, கோயிலுக்கு அனுப்பிவிடுவோம். பொறி நின்று மறுபடி ஓடும்போது வரும் முதல் குழாயில் தையல் சரியாக இருக்காது என்பது ஆலையில் பெருக்குகிறவருக்கும் தெரியும். மற்ற நாளில் அது நேராகக் குப்பைக்குப் போகும். ஆனால் மாதாவின் குழாயை யார் நசுக்கிப் பார்ப்பார்கள்? அவளையே சந்தேகப்படுவது மாதிரி ஆகாதா? இதுவரை அது கொடிக்கம்பமானது, படிக்கட்டுக்குக் கைப்பிடியானது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

என் புருஷன் எலெயாசர் வாணக்காரன். கோயில் வேட்டு எல்லாம் அவன் பொறுப்பு. திருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவனோடு சண்டை போட்டேன்.

"யோவ், இந்தத் துருப்புடிச்ச வேட்டுக்குழலை எல்லாம் எப்பத்தான் தூக்கிப் போடப் போற?"

"எங்கப்பன் காலத்துக் குழல், கெழவி. என்னைவிட நல்லா இருக்கு."

எங்கள் பக்கம் கல்யாணமான மறுநாளே பெண்டாட்டி கிழவிதான். எனக்கு முப்பத்தெட்டு வயது.

"உன்னைவிட நல்லா இருக்கறதுல என்ன பெருமை? உன் சுண்டுவிரலையே காணோம்."

அவன் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரி, சிரி. ஒருநாள் அது வெடிச்சு உன் மூஞ்சியில பாயும். நான் வரமாட்டேன். பொணத்தை எடுக்கக்கூட வரமாட்டேன், பாத்துக்க. எங்க ஆலையில நான் முத்திரை போட்ட குழாயா பாத்து வாங்கி வெச்சா நீ கொறஞ்சா போயிடுவ?"

அவன் உலர்ந்த இறைச்சியும் முட்டையும் கிண்டிய வாணலியை வழித்துத் தின்றுகொண்டிருந்தான். வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். காலையில் அவன் கொடுத்த காப்பியைக்கூடத் தொடாமல் ஆலைக்குக் கிளம்பினேன்.

செப்புச் சுருளுக்குப் பக்கத்தில் மாதா சிலை, சுற்றிலும் ரோஜா. பாதிரியார் தீர்த்தம் தெளிக்கும்போது மின்பெட்டிக்குள் போய்விடாமல் பிளாஸ்டிக் போர்த்தியிருந்தோம். அன்றைக்கு எங்கள் எல்லோரையும்விட உருக்கமாக ஜெபித்தவன் மின்சாரக்காரன்தான். பாதிரியார் குரல் கேட்கவேண்டும் என்று எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார்கள், தண்ணீர் பம்ப் உட்பட. பூசை முடிந்தது. தையல்பொறியை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டும் டான் அன்செல்மோ, என் மகளுக்கு ஞானத்தந்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். முதல் குழாய் வந்தது. வால் கொஞ்சம் கோணலாக அறுந்திருந்தது. மாதாவுக்குக் கோணல் குழாயா என்று ஒரு சாண் வெட்டி நேராக்கினார்கள். நாடா கட்டினார்கள். நான் ஆறு இடத்தில் ஏழு போட்டேன், முத்தம் கொடுத்தேன், என் அறைக்குத் திரும்பினேன்.

பதினொன்றே கால் இருக்கும். காலையில் வந்த வளையங்களை ஒவ்வொன்றாக நசுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்று, பொறி பாதிகூட இறங்கவில்லை, திறந்துகொண்டது. நல்ல இரும்பு உடைந்தால் படீரென்று கேட்கும். இது சத்தமே போடவில்லை. பட்டாணித் தோல் பிரிகிற மாதிரி பிரிந்தது. விளிம்பை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். வழவழவென்று, மங்கிய நீலத்தில் இருந்தது. அது ஒட்டவே இல்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

எந்தக் குழாய் என்று பார்க்கத் திருப்பினேன். மற்ற வளையங்களில் எழுதியிருக்கும் சாக்கட்டி நம்பர் இதில் இல்லை. ஒட்டு நாடா ஒன்று இருந்தது. அதில் பச்சை நூல் சிக்கியிருந்தது.

காலையில் வெட்டி நேராக்கிய அந்த ஒரு சாண் துண்டுதான்; நாடா கட்டிய மேசையிலிருந்து யாரோ பழக்கத்தில் என் வளையங்களோடு சேர்த்து அனுப்பிவிட்டார்கள். வாலே இப்படியென்றால் தலை இன்னும் மோசமாக இருக்கும். முதலில் எனக்கு வந்தது பயமில்லை, வெட்கம். ஏழு போட்டுவிட்டேனே. குழாயைத் திருப்பி வாங்கிவிடலாம் என்று அன்செல்மோவிடம் போனேன்.

"கொம்பாத்ரே, காலையில தையல் எப்படி இருந்துச்சு?"

மகளின் ஞானத்தந்தையை அப்படித்தான் கூப்பிடுவோம்; அவருக்கு நான் கொமாத்ரே. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார்.

"காந்தக் குச்சி விட்டுப்போச்சு, கொமாத்ரே."

குழாயின் வயிற்றுக்குள் ஒரு கறுப்புக் காந்தக் குச்சி இருக்கும். அதுதான் சூட்டை விளிம்பில் நிறுத்தும். இல்லாவிட்டால் சூடு குழாய் முழுக்கப் பரவிவிடும், விளிம்பு காயாது. குச்சிமேல் எந்நேரமும் தண்ணீர் ஓடவேண்டும்.

"பூசைக்குப் பம்பை நிறுத்துனோம்ல, திருப்பிப் போட மறந்துட்டோம், அந்தச் சூட்டுல வெடிச்சிருக்கு. ஓட்டும்போதே நெறம் மங்கலாத்தான் தெரிஞ்சுது. அழுதிருந்தேனா, கண்ணுல தண்ணி மறைக்குதுன்னு நெனச்சேன்."

"எப்பத் தெரிஞ்சுது?"

"ரெண்டாவது குழாயில. பம்பைப் போட்டுக் குச்சியை மாத்திட்டேன். ரெண்டு, மூணு எல்லாத்துக்கும் செவப்பு அடிச்சுத் தள்ளிட்டேன்."

"மொதக் குழாய்?"

"அதுக்கு நாடா கட்டியாச்சேம்மா. மாதா குழாய்ல போய் செவப்பு அடிக்கவா? எல்லாரும் பாத்துட்டு நிக்கறாங்க. கைப்பிடிக் கம்பி என்ன பாரம் தாங்கப் போவுது? இந்த வருஷம் உன் எலெயாசரே வந்து எடுத்துட்டுப் போனான். உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னான். வாணக் கோபுரத்துக்கு நடுக்கம்பம் போலன்னு விட்டுட்டேன்."

அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"என்ன கேட்டான்? வார்த்தை மாறாம சொல்லுங்க."

"எவ்வளவு தாங்கும்னு கேட்டான். ஏழாம் நம்பர் இருக்கு, அப்புறம் என்னடா கேள்வின்னேன்."

ஆறு மீட்டர் குழாய். மீட்டருக்கு ஒன்றாக வெட்டினால் ஆறு வேட்டுக்குழல். பவனி கோயில் வாசலுக்கு வந்ததும், பகல் பன்னிரண்டு மணிக்கு, ஆறு வேட்டு. பழைய குழலைத் தூக்கிப் போடு, என் முத்திரை உள்ளதை வை என்று கத்தியது யார்? நான்தான். சொன்ன பேச்சைக் கேட்காத மனுஷன், பத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவை என் பேச்சைக் கேட்டிருக்கிறான்.

கைப்பேசியில் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெடிமருந்துக்குப் பக்கத்தில் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் போட்டவளும் நானே. அது எங்கள் குளிர்பெட்டிமேல் உட்கார்ந்து அலறிக்கொண்டிருக்கும். கோயில் தொலைபேசியையும் யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் தெருவில் பவனியோடு இருப்பார்கள்.

அன்செல்மோ என் கையில் பிரிந்து கிடந்த வளையத்தை ஒரு தடவை பார்த்தார், முகம் வெளிறிப்போனது, வண்டிச் சாவியை எடுத்தார். பின்னால் எஞ்சினியர் கத்துவது கேட்டது. கத்தட்டும்.

பெரிய சாலை வரைதான் வண்டி போனது. அதற்குமேல் ஜனம். ஆட்டக்காரர்கள் இறகுக் கிரீடமும் கிலுகிலுப்பையுமாகச் சாலையை அடைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். முழங்காலால் நடந்துபோகும் பெண்களுக்கு முன்னால் கம்பளம் விரித்து எடுத்து, விரித்து எடுத்துப் போனார்கள். இறங்கி ஓடினேன். இரும்பு முனை வைத்த ஆலைக் காலணி. ஒவ்வொரு முரசடிக்கும் வேட்டுதானோ என்று நெஞ்சு நின்றுவிடும்.

"கொஞ்சம் வழி விடுங்க! என் புருஷன்! என் புருஷன் அங்க!"

"எல்லார் புருஷனும் அங்கதான் இருக்கான், வரிசையில வாம்மா," என்றாள் ஒருத்தி. வேறு நாளாக இருந்தால் அவளுக்கு நல்ல பதில் கிடைத்திருக்கும்.

பன்னிரண்டு மணி அடிக்கத் தொடங்கியது. அப்புறம் முதல் வேட்டு.

நான் வானத்தைப் பார்க்கவில்லை. வேட்டுக்குப் பின்னால் அலறல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "மாதா வாழ்க!" என்று ஜனம் ஆர்ப்பரித்தது. அலறல் இல்லை. ஒன்று போயிற்று, இன்னும் ஐந்து.

ஒரு வேட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே எலெயாசர் ஒரு அருள்நிறை மரியே சொல்வான். அவனுக்குக் கடிகாரம் அதுதான். ஓடிக்கொண்டே நானும் அதையே சொன்னேன். முடியும்போது இரண்டாவது வெடித்தது. அலறல் இல்லை. மூன்றாவதுக்கு ஜெபம் பாதியில் குழறியது. கெஞ்சவேண்டிய நேரத்தில் மாதாவை மிரட்டினேன். உன் குழாய்தானே, உன் பேரில்தானே முத்தம் கொடுத்தேன், அவனுக்கு ஏதாவது ஆனால் உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்றேன். மூன்று போயிற்று. கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் திரும்பும்போது நான்காவது என் தலைக்கு நேர்மேலே அதிர்ந்தது. உயிரோடு இருக்கிறான்.

கோயில் பின்முற்றத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். ஆறு குழலும் மணல் பீப்பாய்களில் வரிசையாக நின்றன. கடைசிக் குழலில் மூவர்ண நாடா அப்படியே இருந்தது. அவன் ஐந்தாவதற்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். ஒன்றரை ஆள் நீளக் கம்பின் முனையில் நெருப்பு வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளி நின்று கொளுத்துகிறவன் அவன். இன்றைக்குக் கம்பைக் காணோம். கையெட்டும் தூரத்தில், தையலுக்கு நேரே முகம் வைத்து, சுருட்டு முனையால் திரியைத் தொட்டுக்கொண்டிருந்தான்.

"எலெயாசர்! ஓடு! ஓடிடு!"

கோயில் மணி என் குரலை விழுங்கிவிட்டது. கயிற்றுக்கு அடியில் புகுந்தேன். அப்போது அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிணத்தை எடுக்கக்கூட வரமாட்டேன் என்றவள் வேலை உடுப்போடு மூச்சிரைக்க நிற்கிறாள். அவன் முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். திரி புகைவதை மறந்தான், ஐந்தாவது வேட்டை மறந்தான். எழுந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்தான். ஓடு, ஓடு என்று நான் கத்துகிறேன், அவன் சிரிக்கிறான். ஏழெட்டு அடி நடந்திருப்பான்.

இந்தச் சத்தம் வானத்தில் கேட்கவில்லை. தரையில் கேட்டது. மணல் சுவராக எழும்பியது. அவன் என் காலடியில் முகம் குப்புற விழுந்தான்.

புரட்டினேன். தொப்பி இல்லை. ஒரு காதிலிருந்து ரத்தம் வழிந்தது. கண் திறந்திருந்தது, இமைத்தது. மார்பு, வயிறு, கால் என்று தடவிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. அப்புறம்தான் அவனுக்குப் பின்னால் பார்த்தேன். குழல் மேலிருந்து கீழ்வரை தையலில் பிளந்து, தகடாக விரிந்து கிடந்தது. அதன் ஒரு சில்லு கோயில் சுவரில் செருகியிருந்தது. குந்தியிருக்கும் ஆளின் தலை உயரத்தில்.

"பழசை எல்லாம் நேத்தே காயலான் கடைக்குப் போட்டுட்டேன், கெழவி," என்று கத்தினான். அவனுக்குக் காது கேட்கவில்லை, அதனால் ஊருக்கே கேட்கும்படி கத்தினான். "நீ சொன்னபடியே!"

"கம்பு எங்கய்யா? ஏன் அவ்வளவு பக்கத்துல போய்க் குந்துன?"

என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டான். விரிந்து கிடந்த தகட்டைக் காட்டினான். அதில் கரியையும் மீறி என் முத்திரை தெரிந்தது.

"அதான் உன் நம்பர் இருந்துச்சே," என்றான். "அப்புறம் எதுக்குக் கம்பு?"

ஜனம் கயிற்றைத் தாண்டி ஓடி வந்தது. அன்செல்மோ வந்து அவனைத் தாங்கிக்கொண்டார். ஆறாவது குழல், நாடாவோடு, இன்னும் நின்றுகொண்டிருந்தது. எழுந்து போய், அதை மணலிலிருந்து பிடுங்கினேன். மேல்சட்டைப் பையிலிருந்து சிவப்புச் சாக்கட்டியை எடுத்தேன். "ஐயோ, மாதா குழாய்" என்று யாரோ பதறினார்கள். எல்லோரும் பார்க்க, என் ஏழின் குறுக்கே கோடு இழுத்தேன்.