ரோட்டுப் பக்கத்துக் கதவு

மூன்றாவது நாளாக வார்டு ஆபீஸ் பெஞ்சில் காத்திருந்தாள் இஸ்திரிக்காரி. பேட்டையை இடிக்கப் போகிறார்கள். கணக்கெடுப்பில் பேர் இருந்தால் மாற்று வீடு. அவள் வீடு பட்டியலில் இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டிலும் ஆள் இல்லை.

"ரோட்டுப் பக்கம் போனோம், பூட்டிக் கெடந்துது. காலி வீடுன்னு போட்டாச்சு," என்றார் கிளார்க். "சந்துப் பக்கம் வந்தவர், இது அந்த வீட்டோட பின்வாசல்தானேன்னு பேர் எழுதாம விட்டுட்டார்."

"அந்தப் பின்வாசல்லதான் சார் அவருக்குத் தண்ணி குடுத்தேன்."

"குடுத்திருப்பீங்க. அதை எழுத இதுல கட்டம் இல்லையே."

அவள் கரண்டு பில்லை நீட்டினாள்.

"இது யாரு பேரு?"

"மாமனார் சார்."

"அவர் எங்க?"

"போட்டோல இருக்காரு."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். கிளார்க்குக்கும் உதடு லேசாக இழுத்தது. "வெள்ளிக்கிழமை நானே வர்றேன். முன்கதவு திறந்திருக்கணும்."

மாமனார் காலத்தில் எல்லா வீடும் ரோட்டைப் பார்த்துத்தான் இருந்தது. கரி மூட்டை வரவும் குப்பை போகவும்தான் சந்து. தார் போடப் போட ரோடு உயர்ந்தது, வாசல்கள் பள்ளமாயின. மழைக்குச் சாக்கடை அடுப்புவரை வந்தது. ஒவ்வொரு குடும்பமாகச் சந்துப் பக்கம் திரும்பிக்கொண்டது. இப்போது குழாயடி, சண்டை, சம்பந்தப் பேச்சு எல்லாம் சந்தில்தான். மற்றவர்கள் முன்னறையைக் கடைக்கு விட்டிருந்தார்கள். கணக்கெடுக்க வந்தவர்கள் தட்டியபோது அங்கே திறக்க ஆள் இருந்தது. இவள் வீட்டு முன்கதவோ சாக்கடைக்குப் பயந்து பூட்டி, சிமென்ட் பூசி அடைத்தது. இதை எங்கே தொடங்கிச் சொல்வது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"திறந்தா ஆச்சு. அதுக்கு எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?" என்றான் கணவன். வெல்டர் வேலை அவனுக்கு. பீரோவை நகர்த்தி, நிலையில் பூசியிருந்த சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, துருப்பிடித்த பூட்டை அறுத்தான். இற்றுப்போன கீலுக்குப் புதுக் கீல் வைத்தான். வருகிறவர் மதிப்பாக நினைக்கட்டும் என்று பச்சை பெயிண்டும் அடித்தான்.

வெள்ளிக்கிழமை கிளார்க் ரோட்டில் நின்றபடியே பார்த்தார். புதிதாகக் கொத்திய நிலை. அறுபட்ட பூட்டு வளையம். கதவைத் தொட்டார், விரலில் பச்சை ஒட்டிக்கொண்டது. செல்போனில் படம் எடுத்துவிட்டு எழுதினார்.

"என்ன சார் எழுதுனீங்க?" என்று உள்ளிருந்தே கேட்டாள் அவள்.

"பூட்டை அறுத்துப் புதுசா உள்ள வந்திருக்காங்கன்னு."

"நீங்கதானே சார் திறக்கச் சொன்னீங்க?"

"திறக்கத்தான் சொன்னேன். அறுக்கச் சொல்லலையே." காகிதங்களை முன்னும் பின்னும் புரட்டினார். அவருக்கும் எதுவோ இடித்த மாதிரி இருந்தது. "நான் பார்த்ததைத்தாம்மா எழுத முடியும். மேல சொல்லிப் பாருங்க." வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கதவைச் சாத்தக் கணவனுக்குத் தோன்றவில்லை. எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு இருபது பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு உள்ளே கட்டில், அடுப்பு, கொடியில் காயும் பாவாடை, அதன் கீழே நிற்கும் அவள் என்று எல்லாமே தெரிந்தது. அதில் ஒரு பெண் கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.