வெள்ளைத் துணியில் ஒரு கோடு

திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் அந்த வீட்டு முன்னறையில், ஞாயிற்றுக்கிழமை காலை இருந்தவர்கள்:

செங்கோட்டையன், வீட்டுக்காரர். வீட்டை ஒட்டிய கொட்டகையில் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவர். அவசர ஆர்டர் என்பதால் ஞாயிறும் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

வேல்குமார், அவர் மகன். கல்யாணப் படம் எடுப்பவன்.

சண்முகப்பிரியா, வேல்குமாரின் மனைவி. புருஷன் எடுத்து வரும் படங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்து ஆல்பம் ஆக்குகிறவள்.

நாகஜோதி, அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து பிழைக்க வந்து பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள்.

முனீஸ், அவள் தம்பி. நைட் ஷிப்டை விட்டுவிட்டு அக்கா வீட்டில் சாப்பிடுகிறவன்.

டீப்பாயின் மேல் ஒரு மஞ்சள் துண்டு. துண்டின் மேல் கேமரா.

வேலையை விட்டதற்கு முனீஸ் யாரிடமும் காரணம் சொன்னதில்லை. சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. ராத்திரி முழுக்க மிஷின் முன்னால் நின்று, சுற்றிச் சுற்றி இறங்கும் துணியில் கோடு விழுகிறதா, ஓட்டை விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பகலில் தகரக் கூரைக்குக் கீழே தூங்க வேண்டும். இரண்டில் எது பெரிய தண்டனை என்று அவனால் கடைசிவரை முடிவுசெய்ய முடியவில்லை. ஒரு ராத்திரி கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது. அவன் ஏறவில்லை. வேன் போய்விட்டது.

அதற்குப் பிறகு பல நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவனுக்கு ஒரு வழி கிடைத்தது. காதர்பேட்டையில் குழந்தைத் துணி விற்கும் பூபாலனுக்கு, ஆன்லைனில் போட உடுப்புப் படங்கள் வேண்டும். "போன்ல எடுத்துட்டு வந்து நீட்டாதே. நல்ல கேமராவோட வா, மாசா மாசம் வேலை இருக்குது" என்றிருந்தார். புதுக் கேமராவுக்கு வழியில்லை. ஆகவே பழசு. பழசிலும் அவன் மனசு, பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில்தான் நின்றது.

நாகஜோதி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"பி.எஃப். காசு உங்காசு. நான் வாய் வைக்கல. ஆனா அதுல ஒரு குறை இருந்துச்சுன்னா வாங்கக் கூடாது. நாளைக்கே ஷிப்டுக்குப் போயிரணும். சரியா?"

"சரி."

"சத்தியமா?"

"சரிங்கிறேன்ல."

வேல்குமாரின் பழைய கேமராவைப் பார்க்க அவளே கூட வந்தாள். செக்கிங் மேஜையில் ஆயிரம் உடுப்புகளில் ஒரு தையல் விட்டுப்போனதைப் பிடிக்கிறவள். தம்பியின் ஆசையை நம்பி அவனைத் தனியாக அனுப்புவாளா?

வேல்குமார் கேமராவைத் தூக்கி முனீஸ் கையில் கொடுத்தான்.

"இதுல வீடியோ வராதுங்க. போனுக்கு அனுப்ப முடியாதுங்க. பின்னாடி ஸ்கிரீனு தீப்பெட்டியாட்டம் இருக்கும். அதையெல்லாம் மொதல்லயே சொல்லிப்போடறேன். ஆனா படம்னா இதுதானுங்க படம்."

"அம்புட்டு நல்லதுன்னா ஏன் விக்கிறீங்க?" என்றாள் நாகஜோதி.

"இப்பக் கல்யாணத்துல வீடியோ கேக்கறாங்க, ட்ரோன் கேக்கறாங்க. இத மாட்டிட்டு நின்னா, 'ஏனுங்ணா, ரீல்ஸ் வருமா'ங்கறாங்க. நான் என்னத்தச் சொல்றது?"

முனீஸ் இதையெல்லாம் கேட்கவில்லை. கேமராவின் கனம் அவன் மணிக்கட்டில் இறங்கியிருந்தது. மூலைகளில் கறுப்புப் பெயின்ட் தேய்ந்து உலோகம் தெரிந்தது. கட்டை விரல் படும் இடம் மட்டும் வழவழப்பாகியிருந்தது. யாரோ பல வருஷம் உழைத்துப் பழக்கிய கருவி. கண்ணை வைத்தான். அவன் இதற்குமுன் பார்த்த சின்னக் கேமராக்களில் எல்லாம் குழாய்க்குள் எட்டிப் பார்ப்பது போலிருக்கும். இதில் சுவரே இல்லை. அறை முழுக்க, வெளிச்சத்தோடு, அப்படியே இருந்தது. பட்டனை அழுத்தினான். ஒரு சத்தம் வந்தது. வேலை முடிந்தது என்று சொல்லும் சத்தம். அதில் கெஞ்சல் இல்லை.

"அய்யா, ஒரு துண்டு வெள்ளைத் துணி கிடைக்குமா?" என்று செங்கோட்டையனைக் கேட்டான். வெள்ளையை எடுப்பதுதான் சிரமம். போன் அதைச் சுண்ணாம்பாக்கிவிடும்.

பெரியவருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. கொட்டகைக்குப் போய், மூணாவது மிஷினில் ஓடிக்கொண்டிருந்த துணியிலிருந்தே ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தார். நாகஜோதி சன்னலோரம் அதைத் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டாள். முனீஸ் நாலைந்து படம் எடுத்தான். வேல்குமார் கார்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தான். சண்முகப்பிரியா அதைக் கம்ப்யூட்டரில் போட்டாள்.

படம் திரையில் விரிந்தது.

முனீஸுக்கு அந்தத் துணி புதிதல்ல. எட்டு வருஷம் அவன் கண் முன்னால் இறங்கிய துணி. ஆனால் இப்படி அவன் பார்த்ததில்லை. ஒவ்வொரு நூல் கண்ணியும் கீழே உள்ள கண்ணிக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சின்ன நிழல். வெள்ளைக்குள் இத்தனை வெள்ளை உண்டா? ஓரத்தில் நாகஜோதியின் விரல்கள். நூல் வெட்டும் கத்தரியால் காய்த்துப்போன விரல்கள்.

"இது என் கையா?" என்றாள் அவள்.

"பின்னே ஆரு கை?"

"கேவலமா இருக்குடா."

"அப்படித்தான் இருக்கு. போன்ல எடுத்தா மைதா மாவுல செஞ்ச மாதிரி வரும். அதான் வேணுமா?"

சொல்லி முடிக்கும்போதே அதைப் பார்த்துவிட்டான். படத்தின் இடப்பக்கத்தில், மேலிருந்து கீழ்வரை, மயிரிழை மாதிரி ஒரு கோடு. நாகஜோதியும் பார்த்தாள்.

"என்னது அது?"

 நாளை ராத்திரி வேன் ஹாரன் அடிப்பது இப்போதே முனீஸுக்குக் கேட்டது. ஆனால் வாய் எட்டு வருஷப் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டது.

"நீடில் லைன்க்கா. மிஷின்ல ஒரு ஊசி வளஞ்சிருக்கு. துணியில கோடு விழுகுது."

செங்கோட்டையன் எழுந்துவிட்டார். "ஏனுங் தம்பி, என்ற துணியிலயா?"

"ஆமாங்கய்யா."

பெரியவர் சட்டைப் பையிலிருந்து கண்ணி எண்ணும் லென்ஸை எடுத்தார். துணியைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தார். "ஒண்ணுங் காணமே" என்றார். நாகஜோதி துணியை இழுத்துப் பார்த்தாள், விரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. துணியை விட்டுவிட்டுத் தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

"நம்ம கண்ணுக்குத் தெரியாதுங்கய்யா," என்றான் முனீஸ். "இது எடுத்துருச்சு. அவ்வளவு பவர்."

அவன் பொய் சொல்லவில்லை. அந்தக் கேமரா எதையும் பார்க்கும் என்று அந்த நேரத்தில் உண்மையாகவே நம்பினான். நம்பாவிட்டால் வேனில் ஏற வேண்டும்.

செங்கோட்டையன் போனை எடுத்து, ராத்திரி ஷிப்ட் முடிந்தும் அவசர ஆர்டருக்காகக் கொட்டகையில் நின்ற ஆளைக் கூப்பிட்டார். "கன்னையா, மூணாவது மிஷின நிறுத்து. கோடு உழுகுதாமா. அட, உழுகுதுங்கறேன், படத்துல தெரியுது! ஊசி அத்தனையுங் கழட்டு. ராவெல்லாம் நின்னு என்னத்தப் பாத்தே? இனி நீ ராத்திரிக்கு வரவே வேண்டாம், போ!"

சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய சத்தங்களில் ஒன்று அடங்கி நின்றது. அறையில் எல்லோருக்கும் அது கேட்டது. வேல்குமார் லென்ஸ் மூடியை எடுத்துத் துடைத்தான். அதில் தூசி இல்லை. ஆனாலும் துடைத்தான்.

"மாமா," என்றாள் சண்முகப்பிரியா. வந்தவர்கள் அவள் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை. "மிஷின ஓட்டச் சொல்லுங்க. கோடு துணியில இல்லீங்க."

அவள் பழைய படம் ஒன்றைத் திறந்தாள். மணப்பெண். இடக் கன்னத்தின் மேல் அதே கோடு. இன்னொன்று. காதுகுத்துக்கு அழும் குழந்தை. அதன் பக்கத்தில், அதே இடத்தில், அதே கோடு.

"கேமராவுக்குள்ளதானுங்க இருக்குது. நாந்தான் வருசக் கணக்கா ஒவ்வொரு படத்துலயும் அழிச்சேன். பொண்ணோட கழுத்து மேல, மாப்பிள்ள மூக்கு மேல. ஒரு மாப்பிள்ளைக்குக் கோட்டோட சேத்து பாதி மீசையும் போயிருச்சு. மறுக்கா வரஞ்சு வெச்சேன்."

"ஏம்மிணி, இத இப்பச் சொல்லோணுமா?" என்றான் வேல்குமார்.

"பின்ன, கன்னையண்ணன் ஊட்டுக்குப் போனதுக்கப்புறஞ் சொல்றதுங்களா?"

செங்கோட்டையன் மகன் பக்கம் திரும்பினார். "என்ற துணி மேல பழி உழுகுது. நீ மூடியத் தொடச்சுட்டு உக்காந்திருக்கறே. ஏன்டா, நீ என்ற மவன்தானா?" பிறகு போனில், குரலை இறக்கி: "கன்னையா, ஓட்டு சாமி. ஒண்ணுமில்ல, இந்தக் கேமரா பண்ணுன கூத்து... அட, கோவிச்சுக்காதே. கன்னையா? கன்னையா?"

போனைக் கீழே வைத்தார். "மிஷின ஓட்டறானாமா. ஆனா ராத்திரிக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிப்போட்டான்." கொஞ்சம் யோசித்து முனீஸைப் பார்த்தார். "தம்பி, நீ நிட்டிங்தானே? நம்ம கொட்டகைக்கு ராத்திரிக்கு வந்துடறயா?"

"பாத்தியாடா," என்றாள் நாகஜோதி. "குறையும் இருக்கு, வேலையும் வந்துருச்சு. அத வச்சிட்டு எந்திரி."

முனீஸ் எழுந்தான். ஆனால் கேமராவை வைக்கவில்லை. கார்டை வாங்கிப் போட்டுக்கொண்டான். கண்ணில் வைத்து, அறையை மெதுவாக அளந்தான். கோடு எந்த இடத்தில் விழும் என்று இப்போது அவனுக்குத் தெரியும். ஒரு அடி நகர்ந்தான். முழங்காலை மடக்கினான்.

"அக்கா, சன்னல்கிட்டப் போ. இன்னும் கொஞ்சம் அங்கிட்டு."

"வெளையாடுறியா?"

"நில்லு. ஒரே ஒரு படம். அப்புறம் நீ சொல்றத கேக்குறேன்."

சத்தம் வந்தது. சண்முகப்பிரியா கேட்காமலே கார்டை வாங்கிக்கொண்டாள்.

திரையில் நாகஜோதி நின்றாள். கோபம் அப்படியே இருந்தது. கண்ணுக்குக் கீழே ஓவர்டைம் இருந்தது. காதோரம் முடியில், எத்தனை குளித்தாலும் போகாத கம்பெனிப் பஞ்சு, இழை இழையாக. சன்னல் வெளிச்சம் அவள் ஒரு பக்கத்துக் கன்னத்தில் விழுந்து, காதுக்குப் பின்னால் நிதானமாக இருட்டாகியது. அழகாக்கவும் இல்லை, அசிங்கமாக்கவும் இல்லை. ஆளை ஆளாக வைத்திருந்தது.  இத்தனை பழைய பெட்டிக்குள் இருந்தா இது வருகிறது?

நாகஜோதி தன் முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டைத் தேடினாள். மேஜையில் உடுப்பைப் புரட்டுகிற மாதிரி, மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். நேரம் எடுத்துக்கொண்டாள்.

"எங்கடா அது?"

"சன்னல் கம்பி மேல நிக்கிது. கம்பியோட கம்பியா."

"எல்லாப் படத்துக்கும் கம்பிக்கு எங்க போவ?"

"நிலைப்படி, கம்பம், கதவோரம். பூபாலன் கடையில ஹேங்கர் கம்பி. ஒண்ணுமே கிடைக்கலைன்னா நான் உக்காந்து அழிக்கிறேன்."

"அழிக்கறது ஒண்ணும் பெரிய வேலையில்லீங்க," என்றாள் சண்முகப்பிரியா. "சலிப்புத்தான்."

நாகஜோதி இன்னொரு தடவை பார்த்தாள். இந்த முறை முகத்தை. அந்தப் பஞ்சை எடுக்கப் போகிறவள் போலத் தன் காதோரம் கையைக் கொண்டுபோனாள். பிறகு, செக்கிங் மேஜையில் உடுப்பை ஒரு பக்கமாகத் தள்ளும் குரலில் சொன்னாள்.

"ரிஜெக்ட் இல்ல. செகண்ட்ஸ்."

திருப்பூரில் அதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. சின்னக் குறையோடு, குறைந்த விலைக்குப் போகும் துணிதான் செகண்ட்ஸ். அந்த ஊரில் பாதிப்பேர் உடம்பில் இருப்பது அதுதான். அன்று முனீஸ் போட்டிருந்த டி-சர்ட்டிலும் எழுத்து சாய்ந்திருந்தது.

"செகண்ட்ஸ்னா செகண்ட்ஸ் வெலதான் குடுப்போம்," என்று வேல்குமார் பக்கம் திரும்பினாள். "மறைச்சதுக்கு அதுலயும் கொறைக்கணும்."

வேல்குமார் அப்பாவைப் பார்த்தான். "என்னைய எதுக்குப் பாக்கறே? அந்தப் புள்ள சொல்ற வெலைக்குக் குடு" என்றார் அவர்.

நாகஜோதி சொன்ன விலையை எண்ணிக் கொடுத்து, கார்டைத் திரும்பப் போட்டு, முனீஸ் கேமரா வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். வாசலைத் தாண்டும்போது வேல்குமார் பின்னாலேயே வந்தான்.

"தம்பி, ஒரு நிமிசம். கடைசியா ஒரே ஒரு படம் எடுத்துட்டுத் தந்துடறேனுங்க."

முனீஸ் வாரை இறுகப் பிடித்துக்கொண்டான். சண்முகப்பிரியா புருஷனுக்கும் வாசலுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"நீங்க கெளம்புங்க. திரும்பிப் பாக்காதீங்க. அது மறுக்கா இந்த ஊட்டுக்குள்ள வந்துச்சுன்னா, நாந்தான் உக்காந்து அழிக்கோணும்."

உள்ளேயிருந்து செங்கோட்டையன் சத்தமாகக் கேட்டார். "தம்பி, அந்த ராத்திரி ஷிப்டு என்னாச்சு?"

முனீஸ் படியில் நின்று கேமராவைத் திருப்பினான். பாதி மூடியிருந்த கதவின் ஓரத்தில் கோட்டை நிறுத்தி, பட்டனை அழுத்தினான். அதே சத்தம். அதை ஒட்டி இன்னொரு சத்தம்: சண்முகப்பிரியா அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தி, உள்ளே சாவியைத் திருப்பினாள்.