கட்டையின் அடிப்பக்கம்

கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் எழிலரசி பார்க்காத நீலம் இல்லை. அதனால்தான், மதிலோரம் மழையில் ஊறிக் கிடந்த பட்டுப்போன புங்கங்கிளையில் நீலத்தைக் கண்டதும் அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

“எந்த மகராசன் பெயின்ட்டை இங்க வந்து ஊத்தினது?” என்று கத்திக்கொண்டே, தின்னரில் நனைத்த துணியால் அழுத்தித் தேய்த்தாள். துணியில் நீலம் ஏறவே இல்லை.

சத்தம் கேட்டு சூப்பர்வைசர் சாம்சன் வந்தார். அவள் பெயின்ட்டில் தூசி தேடும் லென்ஸை வைத்துப் பார்த்தாள். வெல்வெட் போல மெத்தென்றிருந்தது. ஓரத்தில் வெள்ளை இழைகள் பட்டைமேல் பரவியிருந்தன.

“சார், இதுக்கு உசுரு கீது!”

படப்பையில் தாவரவியல் டீச்சராக இருக்கும் தோழி மஞ்சுளாவுக்குப் படம் அனுப்பினாள். உடனே போன் வந்தது.

“குடை இல்லாம பட்டையோட அப்பிக்கினு கீதா? ஓரம் வெளுத்திருக்கா? அப்போ கோபால்ட் கிரஸ்ட் காளான்தான்டி. செத்த மரத்தைத் தின்னு வளரும். கட்டையைப் புரட்டிப் பாரு.”

அவளும் சாம்சனும் சேர்ந்து புரட்டினார்கள். அடிப்பக்கம் முழுக்க, ஒரு பொட்டு இடம் விடாமல், எந்த ஷேடு கார்டிலும் இல்லாத நீலம்.

சாம்சன் ஈரத்தரையிலேயே குந்திவிட்டார். வெளியே தெரியாத இடத்துக்கு ஒரு கோட் பெயின்ட் போதும் என்று தினமும் லைனில் நிற்பவர்களை விரட்டுகிறவர் அவர்.

“யாருமே பாக்காத பக்கமாச்சேம்மா,” என்றார் மெதுவாக.