ஆக்சிஜனில் ஒரு குழி

என் வீட்டுக்காரர் அச்சகம் வைத்திருக்கிறார். நான் பள்ளியில் வேதியியல் டீச்சர். வகுப்பறையில் மாட்ட ஒரு சார்ட் போடலாம் என்று அவர்தான் ஆரம்பித்தார். அடியில் 'தயாரித்தவர்' என்று என் பெயர் வரும் என்றார். அந்த ஒரு வரிக்கு ஆசைப்பட்டுத் தலையாட்டிவிட்டேன்.

விஷயம் அயனியாக்கும் ஆற்றல். ஓர் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்கிற கணக்கு. லித்தியத்திலிருந்து நியான் வரை கோடு ஏறிக்கொண்டே போகும். போரானிலும் ஆக்சிஜனிலும் மட்டும் சற்று இறங்கும். அந்த இரண்டு குழிகளையும் பார்த்துப் பார்த்து வரைந்து கொடுத்தேன். சரிபார்க்க வந்த தாளில் கோடு ஏணி சாத்தியதுபோல நேராக ஏறியிருந்தது.

"குழியெல்லாம் எங்கேங்க?"

"நான்தான் நிரவிட்டேன். பாக்க நல்லாவா இருக்கு? அச்சுப்பிழைன்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நைட்ரஜன்ல கடைசி மூணு எலக்ட்ரானும் ஆளுக்கொரு அறையில இருக்குங்க. ஆக்சிஜன்ல ஒண்ணு கூடுதல். ஒரே அறையில ரெண்டு இடிச்சுக்கிட்டுக் கிடக்கும். அதனால ஒண்ணை வெளிய இழுக்கிறது சுலபம். உங்க தம்பி வந்து உங்க அறையில படுத்தப்போ, குறட்டை தாங்காம நீங்க ஹாலுக்கு ஓடி வரலையா?"

தம்பி என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. போரானுக்குக் காரணம் வேறு, அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"போதும்மா, நீ வரைஞ்ச மாதிரியே போட்டுடறேன்" என்று எழுந்துவிட்டார்.

"அடியில என் பேரு வருதுங்க. தப்பு வந்தா ஸ்டாஃப் ரூம்ல தலைகாட்ட முடியாது" என்று வாசல்வரை பின்னாலேயே போய்ச் சொன்னேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இரண்டு குழிகளும் அப்படியே இருந்தன. கூடவே ஆக்சிஜனுக்கு ஓர் அம்புக்குறி போட்டு, சிவப்பில், கொட்டை எழுத்தில்: 'இது அச்சுப்பிழை அல்ல.' என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அச்சடித்துப் பள்ளிகளுக்கும் அனுப்பியாயிற்று. தலையில் அடித்துக்கொண்டேன்.

"இனிமே ஒருத்தரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க பாரு" என்றார் பெருமையாக.

உண்மைதான், யாரும் திருப்பி அனுப்பவில்லை. ஒரு பள்ளியிலிருந்து போன்தான் வந்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், சார்ட் கெடச்சுது. ஆக்சிஜன்ல இருக்கறது அச்சுப்பிழை இல்லன்னு போட்டிருக்கீங்க, நல்லது. அப்போ போரான்ல இருக்கறது அச்சுப்பிழைதானே? பேனாவால நேராக்கிட்டேன். மத்த ஸ்கூலுக்கும் சொல்லிடவா?"

வீட்டுக்காரர் போனை என் கையில் திணித்தார்.

"நீதானே தயாரிச்சே? நீயே பேசு."